வாண்டு: குதிரைக் காப்பகத்தில் ஒன்பது நாள்

முதல் நாள்

காப்பகத்தின் வாசலில் முதலில் கண்ணில் படுவது குதிரை அல்ல. ஒரு அகலத் தட்டில் கிருமிநாசினிக் கரைசல், பக்கத்தில் ஒரு முரட்டு பிரஷ், ஒரு வாளித் தண்ணீர். வருகிறவர் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் லத்தியையும் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகுதான் கரைசலில் மிதிக்க வேண்டும். அழுக்கோடு மிதித்தால் மருந்தின் வேகம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும், கிருமி பத்திரமாக உள்ளே போய்ச் சேரும். அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்த வரிசையைத்தான்.

மீட்டு வரப்படும் எந்தக் குதிரையும் குறைந்தது மூன்று வாரம் தனியடைப்பில் இருக்க வேண்டும். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைத் தொற்றுக்குப் பயந்தே இந்த ஏற்பாடு. கிருமி உள்ளே போன சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வரும், தாடைக்கடியில் கட்டி கிளம்பும். நாளுக்கு இருமுறை வெப்பநிலை எடுத்தால் மூக்கு ஒழுகுவதற்கு முன்பே பிடித்துவிடலாம். தனியடைப்புக்கென்று தனி வாளி, தனி மண்வெட்டி, தனிக் கயிறு. அங்கே வேலை பார்ப்பவர் மற்றக் குதிரைகளை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது.

இந்தக் குறிப்புகள் ஒரே ஒரு மட்டக்குதிரையைப் பற்றியவை. பெயர் வாண்டு. வந்து ஒன்பது வாரம் ஆகிறது, தனியடைப்புக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. உயரம் 11 கை. குதிரையின் உயரத்தைத் தோள்மேட்டில் அளப்பார்கள்; ஒரு கை என்பது 4 அங்குலம். ஆக வாண்டு 112 சென்டிமீட்டர். 14.2 கைக்கு உட்பட்டவை மட்டக்குதிரை என்பது பொதுக்கணக்கு. இதில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் அல்ல, அங்குலம்.

காயடிக்கப்பட்ட ஆண், பழுப்பு நிறம், நெற்றி மயிர் கண்ணை மறைக்கும். தனியாக ஒரு கம்பத்தில் கட்டப்பட்டுக் கிடந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே வெவ்வேறு கையெழுத்துகளில் குற்றப்பட்டியல்: கடிக்கிறது, பின்னங்காலால் உதைக்கிறது, தாழ்ப்பாள் திறக்கிறது, தலைக்கயிறு மாட்ட விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காலி இடம் விட்டிருக்கிறார்கள், காரணம் எழுத. நான்கில் மூன்று இன்னும் காலியாகவே இருக்கிறது.

இரண்டாம் நாள்

காலை ஐந்தரைக்குச் சுற்று ஆரம்பம். தீவனம் போடும் முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு, போட்டபின் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

மூச்சைத் தொடாமலே எண்ணலாம். விலாவைப் பார்த்து ஒரு நிமிடம்: 8 முதல் 16. நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் தமனியில் இரண்டு விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் கூடாது, அதில் நம் நாடியே துடிக்கும். பெரிய குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். வெப்பமானியை ஆசனவாயில் வைத்து, அதன் நூலை வால்மயிரில் கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும் அல்லது லத்தியோடு கீழே விழுந்து உடையும். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். இரண்டு பக்க வயிற்றிலும் காது வைத்தால் குடல் ஓசை கேட்க வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் சிக்கல் என்றால் அது உள்ளேயே முற்றும். நிசப்தமான வயிறு ஓசை போடும் வயிற்றைவிட ஆபத்து.

எடை மேடை இல்லாத இடத்தில் நாடா போதும். முழங்கைக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். வாண்டுக்கு இன்று சுற்றளவு 136, நீளம் 118: 184 கிலோ. வந்த அன்று சுற்றளவு 124 இருந்தது, அதாவது 153 கிலோ. மூச்சை வெளியே விடும்போது அளக்க வேண்டும், வாரா வாரம் ஒரே ஆள் அளக்க வேண்டும். கணக்கில் சில கிலோ தவறு வரும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொய்யில்லாமல் சொல்லும்.

எடையோடு உடல்நிலை மதிப்பெண்ணும் எழுதுகிறார்கள். 1983-ல் ஹென்னக் என்பவர் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவு. கழுத்து, தோள்மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வால் அடி என ஆறு இடங்களைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் கையால் தடவிப் பார்த்துப் போடும் எண். அடர்ந்த மயிர் எலும்பை மறைத்துவிடும் என்பதால் கைதான் சாட்சி. வாண்டு 2-ல் வந்தது, இப்போது 4. ஐந்தில் நிறுத்த வேண்டும்.

இன்றைய முக்கியக் கவனிப்பு இதுவல்ல. முன்னங்கால்கள் இரண்டிலும், குளம்புக்கு மேலுள்ள மூட்டின் முன்பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காய்ந்த பொருக்கு. சிராய்ப்பு மாதிரி தெரியும். வேலியில் உரசியது என்று களிம்பு தடவிவிட்டுப் போய்விடுவது சுலபம். ஆனால் இரண்டு காலிலும் ஒரே இடத்தில், ஆறி ஆறித் திரும்ப வருகிறது என்றால் விஷயம் வேறு. குதிரை நின்றபடியே லேசாகத் தூங்கும், ஆனால் கனவுறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பயத்தில் பல நாள் படுக்காமல் இருந்தால், நின்ற நிலையில் அந்த உறக்கம் திடீரென்று வந்து அடிக்கும். முழங்கால் மடங்கி, முன்மூட்டு தரையில் தேய்ந்து, பதறி எழும். பொருக்கு அதன் தடம். வாண்டின் படுக்கைக் கொட்டிலில் வைக்கோல் அமுங்கவே இல்லை. இரண்டு விலாவிலும் ஒரு துரும்புகூட ஒட்டவில்லை.

மூன்றாம் நாள்

தீவன நாள் என்றே வைத்துக்கொள்ளலாம். தனியடைப்புக்கு நேற்று இரவு எலும்பும் தோலுமாக ஒரு பெண்குதிரை வந்திருப்பதால், வாண்டுக்கு ஒன்பது வாரத்துக்கு முன் நடந்தது இங்கே மறுபடி கண்முன் நடக்கிறது.

குதிரை என்றால் கொள்ளு என்பது நம் நாக்கிலேயே ஊறியது. பட்டினி கிடந்த குதிரைக்குப் பாசத்தோடு ஒரு வாளி கொள்ளும் தவிடும் வைத்தால், அந்த வாளியே அதன் உயிரை எடுத்துவிடலாம். பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்து ஓடப் பழகியிருக்கிறது. திடீரென்று மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் எகிறும். அது சர்க்கரையோடு பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் இவை வற்றியதும் இதயமும் மூச்சும் தடுமாறும். கொடுமை என்னவென்றால் இது சாப்பிட ஆரம்பித்து மூன்று, நான்கு, ஐந்து நாள் கழித்துத்தான் நடக்கும். 'தேறிவிட்டது' என்று எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில்.

மாவுச்சத்து குறைந்த, புரதமும் மெக்னீசியமும் பாஸ்பரஸும் உள்ள உலர்ந்த குதிரைமசால் என்ற தீவனப்பயிர் இதற்கு ஏற்றது என்பது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அளவுதான் முக்கியம். 450 கிலோ குதிரைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அரை கிலோ. வாண்டின் அன்றைய 153 கிலோவுக்கு வேளைக்கு 170 கிராம், இரவும் பகலுமாக நாளுக்கு ஆறு வேளை. தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். 'ஒரு கைப்பிடி' ஆளுக்கு ஆள் மாறும். நான்காம் நாளிலிருந்து மெல்ல ஏற்றி, பத்தாம் நாளில் வேளைகளைக் குறைத்து அளவைக் கூட்டுவார்கள். கால்நடை மருத்துவர் ரத்தப் பரிசோதனையோடு கூடவே இருக்க வேண்டிய காலம் இது.

தேறிய மட்டக்குதிரைக்கு அதே குதிரைமசால் மெல்ல மெல்லப் பகையாகும். சொற்பப் புல்லில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும் இனம் அது. சத்து கூடினால் கழுத்து மேட்டில் கொழுப்பு கட்டும், அடுத்து லேமினைடிஸ் எனும் குளம்பு அழற்சி. ஆகவே இரண்டு வாரத்தில் படிப்படியாகச் சாதாரண உலர்புல்லுக்கு மாற்றியிருக்கிறார்கள். எடையில் 2 சதவீதம் என்ற கணக்கில் வாண்டுக்கு இப்போது நாளுக்கு 3.7 கிலோ, நான்கு பங்காக. உப்பு 18 கிராம். தண்ணீர் இரண்டு வாளி எப்போதும் நிறைந்திருக்கும். ஒரு வாளி என்றால் கவிழ்ந்த நேரம் யாருக்கும் தெரியாது. பின்னாளில் குண்டாகிப்போனாலும் ஒரேயடியாகப் பட்டினி போடக்கூடாது. மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் அப்போது கொழுப்பு ரத்தத்தில் வெள்ளமாகப் பாய்ந்து ஈரலை அடைத்துவிடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டினியில் தலை தொங்கி நிற்கும் குதிரையைப் பார்த்து 'எவ்வளவு சாது' என்று தத்தெடுக்க வருகிறவர்கள் உண்டு. அது சாது அல்ல, தெம்பில்லாமை. ஆறாவது ஏழாவது வாரத்தில் தெம்பு வந்ததும் உண்மைக் குதிரை வெளியே வரும். 'நன்றி கெட்டது' என்று சிலர் திருப்பி விடுவது அப்போதுதான். காப்பகம் பத்து வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுப்பதில்லை, நல்ல விதி.

நான்காம் நாள்

கால் தூக்கும் பயிற்சி. உதைக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு இன்று காரணம் எழுதப்பட்டது.

முதலில் நிற்கும் இடம். குதிரைக்கு ஏறத்தாழ 350 டிகிரி பார்வை. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் குருட்டு இடம். ஆகவே தோள்பக்கமாக, அது பார்க்க, பேசிக்கொண்டே வர வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றிய கயிறு இறுகினால் விரல் போய்விடும். கட்டினால் ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு, அதுவும் கம்பத்தில் நேராக இல்லாமல் அறுந்துவிடக்கூடிய மெல்லிய சணல் வளையத்தில்.

தட்டிக் கொடுப்பது மனிதப் பழக்கம். குதிரைகள் ஒன்றையொன்று தோள்மேட்டில்தான் பல்லால் சொறிந்துகொள்ளும். அந்த இடத்தில் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்பதை 1993-ல் வெளியான ஆய்வு அளந்தே காட்டியது. வாண்டுக்கு அங்கே விரல் நகத்தால் சொறிந்தால் மேலுதடு நீண்டு முறுக்கும், கண் பாதி மூடும். பயிற்சி அந்த உதட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

வால்பக்கம் பார்த்து நின்று, கை தோளிலிருந்து வழுக்கி இறங்கி, முழங்கால் தாண்டி, கணுவுக்கு. எங்கே தோல் துடிக்கிறதோ அங்கே கை நிற்க வேண்டும், எடுக்கக் கூடாது. துடிப்பு அடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். துடிக்கும்போது எடுத்தால் 'துடித்தால் விட்டுவிடுவார்கள்' என்று அது கற்றுக்கொள்ளும். உதைக்கும் குதிரைகள் பலவும் இப்படித்தான் உருவாகின்றன. அடுத்த சுற்றில் காலின் பின்பக்கத் தசைநாரை விரலால் லேசாக அழுத்த வேண்டும். குளம்பு ஒரு அங்குலம் எழும்பினாலும் போதும். நாக்கால் ஒரு 'டக்' சத்தம், உடனே தரையிலுள்ள கிண்ணத்தில் கொஞ்சம் புல் உருண்டை. கையிலிருந்து கொடுப்பதில்லை, ஏனென்றால் கடிக்கும் பழக்கமும் சட்டைப்பையைத் துழாவும் பழக்கமும் அங்கிருந்துதான் வந்தன. முகத்தை நம்மிடமிருந்து திருப்பி நிற்கும்போது மட்டுமே கிண்ணத்தில் விழும். கடிப்பதற்கு எதிரே இருந்த காலி இடம் இதனால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிரம்பிவிட்டது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. பத்து நிமிடம் என்றால் வாண்டின் பொறுமையும் போகும், பழகியதும் கலையும்.

முன்னங்கால் இரண்டும் நன்றாக வந்தன. பின்னங்காலில்தான் உதை. லாடக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பயிற்சி தருபவரிடம் சொன்னார்: "காலைத் தூக்காதீங்க தம்பி, அதுவே கொடுக்கட்டும். உங்க இடுப்புக்குத் தூக்குறீங்க, அது இடுப்புக்கு அது எவ்வளவு உயரம்னு பாருங்க." அவ்வளவுதான் விஷயம். 112 சென்டிமீட்டர் குதிரையின் பின்னங்காலை ஆள் வசதிக்காக முழங்கை மட்டத்துக்குத் தூக்கி, வெளிப்பக்கம் வேறு இழுத்தால் இடுப்பு மூட்டு திருகும். வலிக்கும். உதைக்கும். ஆள் மண்டியிடாமல் முதுகைத் தாழ்த்திக் குந்தி (மண்டியிட்டால் சட்டென்று விலக முடியாது), குளம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வயிற்றுக்கு நேர்கீழே வைத்துப் பிடித்ததும் வாண்டு மூன்று மூச்சு வரை அப்படியே நின்றது. அது பிடுங்குவதற்கு முன் நாமே கீழே வைத்துவிட வேண்டும். போடக் கூடாது, வைக்க வேண்டும்.

குளம்பைக் கொக்கியால் குதியிலிருந்து நுனி நோக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். நடுவில் முக்கோணமாக ரப்பர் போல் இருப்பதன் இரு பக்கப் பள்ளங்களில்தான் கல்லும் லத்தியும் அடையும். இடது பின்னங்காலில் கறுத்த கசிவு, அழுகிய நாற்றம்: ஈரப் படுக்கையால் வரும் குளம்பழுகல். அழுத்தினால் காலை இழுக்கிறது. உதைக்கு இரண்டாவது காரணம் அங்கே இருந்தது. தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு, மருந்து வைத்தார்கள். உலராமல் வைத்தால் மருந்து ஈரத்தைப் பூட்டி வைக்கும், அவ்வளவே பயன்.

ஐந்தாம் நாள்

பல். மருத்துவர் மயக்கம் கொடுத்து வாய்திறப்பான் மாட்டிப் பார்த்தார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கத்தியாக வளர்ந்து கன்னத்தின் உட்புறம் இரண்டு புண். குதிரைப் பல் ஆயுள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். மேல்தாடை அகலம், கீழ்தாடை குறுகல், ஆகவே தேயாத விளிம்பு கூர்மையாகிறது. அரம் போட்டுச் சீராக்க அரை மணிக்கும் குறைவாகவே ஆனது. தலைக்கயிற்றின் கன்னப் பட்டை சரியாக அந்தப் புண்ணின் மேல்தான் உட்கார்ந்து அழுத்தியிருக்கிறது. பதிவேட்டில் அடுத்த காலி இடம் நிரம்பியது.

முகத்தில் வலி தெரியும், பார்க்கத் தெரிந்தால். 2014-ல் வெளியான குதிரை முகவலி அளவுகோல் ஆறு இடம் சொல்கிறது: விறைத்துப் பின்னால் திரும்பிய காது, கண்ணுக்கு மேல் சுருக்கம், இறுகும் இமை, புடைத்து இறுகிய கன்னத்தசை, இறுகி முன்தள்ளும் உதடும் தாடையும், நீளும் மூக்குத்துளை. வாண்டின் பழைய படங்கள் சிலவற்றில் இதில் நான்கு இருக்கிறது. அந்தப் படங்களுக்குக் கீழே யாரோ 'கோபக்காரன்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆறாம் நாள்

இரவு இரண்டு மணிக்கு வாண்டு தாழ்ப்பாளை உதட்டால் இழுத்துத் திறந்து புல் கிடங்குக்குள் போயிருந்தது. தானியத் தொட்டிக்குப் பூட்டு இருந்தது பெரிய நல்லகாலம். வயிறுமுட்டத் தானியம் தின்ற குதிரை அன்று நன்றாகவே இருக்கும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் ஒரு நாள் கழித்தும் வரலாம். ஆகவே தின்றது தெரிந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. இங்கே புல்தான் என்பதால், இரண்டு மணிக்கொருமுறை நாடியும் குடல் ஓசையும் குளம்பின் சூடும் பார்த்ததோடு முடிந்தது.

கதவுக்கு இப்போது மூன்று தடுப்பு: மேல் தாழ்ப்பாளில் ஒரு கிளிப், கதவின் அடியில் காலால் தள்ளும் தாழ், கிடங்குக்குத் தனிப் பூட்டு. அதோடு விட்டுவிடவில்லை, ஏன் திறந்தது என்று பார்த்தார்கள். இரவு எட்டு மணிப் பங்கு பத்தரைக்கே தீர்ந்திருக்கிறது. காலை ஐந்தரை வரை ஏழு மணி நேரம் வெறும் வயிறு. குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் காலியாகக் கிடந்தால் எரியும், நாளடைவில் புண்ணாகும். அளவைக் கூட்டவில்லை. அதே புல்லை 3 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை போட்டு, கொட்டிலில் இரண்டு மூலைகளில் தொங்கவிட்டார்கள். காலி வலை தளர்ந்து தொங்கினால் கால் சிக்கும், ஆகவே காலியான நிலையில் எங்கே வரும் என்று பார்த்துத்தான் உயரம் முடிவு செய்ய வேண்டும். நிறைந்த வலையைப் பார்த்துக் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

ஏழாம் நாள்

கூட்டத்தில் சேர்க்கும் நாள். இரண்டு வாரமாகவே இரட்டை வேலிக்கு அந்தப்பக்கம் மற்றக் குதிரைகளை வாண்டு பார்த்து வந்திருக்கிறது. நடு இடைவெளி இல்லாத ஒற்றை வேலியின் மேலாக அறிமுகம் செய்தால், உதைத்த கால் கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும்.

மொத்தக் கூட்டத்தோடு ஒரே நாளில் விடுவதில்லை. முதலில் ஒருத்தி மட்டும்: இருபது வயது தாண்டிய நிதானமான பெண்குதிரை. இருவர் தலையிலிருந்தும் கயிறு கழற்றப்பட்டது, மாட்டியபடி விட்டால் குளம்பு அதில் மாட்டும். இரண்டும் லாடம் இல்லாதவை. அடைப்பின் கூர் மூலைகளைக் கட்டைகளால் வளைத்து மறித்திருந்தார்கள், துரத்தப்படும் குதிரை முட்டுச்சந்தில் சிக்கக் கூடாது. நிழற்கூரைக்கு இரண்டு வழி. புல் குவியல்கள் இரண்டுக்கு நான்கு, ஒவ்வொன்றும் பத்து எட்டுக்கு மேல் தள்ளி. தண்ணீரும் இரண்டு இடம்.

வாண்டு வாலைத் தூக்கிக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் மூன்று சுற்று ஓடியது. பிறகு மூக்கோடு மூக்கு வைத்து ஊதல், ஒரு கீச்சொலி, முன்னங்காலால் தரையில் ஒரு அடி. இது சண்டை அல்ல, விசாரிப்பு. கிழவி காதைப் பின்னால் சாய்த்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள், வாண்டு விலகியது. விலகத் தெரிகிறது என்பதைக் கண்டதும்தான் வேலியோரம் நின்றவர்களின் தோள் இறங்கியது. தலையிட வேண்டியது எப்போது? ஒன்று மற்றதை விடாமல் துரத்தினால், தண்ணீர் குடிக்க விடாமல் தடுத்தால், மூலையில் அடைத்து உதைத்தால். அப்போதும் நடுவில் ஆள் ஓடக் கூடாது. கதவைத் திறந்து இடம் கொடுக்க வேண்டும்.

மாலைக்குள் இரண்டும் ஒரே குவியலில் தின்றன.

எட்டாம் நாள்

மழை. அடைப்பு சேறு. குளம்பழுகலுக்காக வாண்டின் படுக்கையில் ஈர வைக்கோலை முழுக்க அள்ளி, தரையைக் காயவிட்டு, ஒரு சாண் கனத்துக்குப் புதிது போட்டார்கள். ஓரங்களில் இன்னும் உயரமாக அணை போல் ஏற்றினால், சுவரோரம் புரளும் குதிரை கால் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் போகாது. நடுத் தடுப்பை எடுத்துவிட்டு இரண்டு கொட்டில்களை ஒன்றாக்கி, கிழவியையும் அங்கேயே விட்டார்கள். வலை இரண்டுக்குப் பதில் நான்கு.

ஒன்பதாம் நாள்

காலை ஐந்தரை. மூச்சு 12, நாடி 44, வெப்பம் 37.8. மேல் தாழ்ப்பாளின் கிளிப்பில் எச்சில் ஈரம், முயற்சி நடந்திருக்கிறது. வலைகளில் இன்னும் புல் மிச்சம்.

கொட்டிலின் உள்பக்கம் வைக்கோல் ஓரிடத்தில் தட்டையாக அமுங்கிக் கிடக்கிறது, மட்டக்குதிரை அளவுக்கு. அதன் பக்கத்தில் நின்றபடி கிழவியின் குளம்புத் தடங்கள், இரவு முழுக்க அதிகம் நகராதவை. வாண்டு கதவுக்கு வந்து கிண்ணத்தைத் தேடுகிறது. இடது விலாவில், தோளிலிருந்து தொடை வரை, துரும்பு துரும்பாக ஒட்டியிருக்கிறது. நெற்றி மயிரிலும் இரண்டு. பதிவேட்டில் இன்றைய தேதிக்கு எதிரே எழுதினார்கள்: படுத்தது.